மேசை போட்டால் சனம் எழும்பி நிற்கும்

கோவில் வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை என்று எங்கள் பக்கத்துப் பங்குகளில் எல்லோரும் சொல்கிறார்கள். அது முழு உண்மையல்ல. வாசகம் வாசிக்க ஆள் உண்டு; பெரிய திருநாள் என்றால் ஒலிவாங்கிக்கு முன்னால் போட்டியே நடக்கும். கொடியேற்றத்தன்று கயிறு பிடிக்கவும் ஆள் உண்டு. ஆயித்தியமலைச் சதா சகாய மாதா திருவிழாவுக்கு நடந்து போகிறவர்களுக்கு வழியில் சர்பத் ஊற்றிக் கொடுக்க இளந்தாரிகள் கூட்டமாக நிற்பார்கள். ஆள் கிடைக்காதது பூசை முடிந்து, கடைசிக் குடும்பமும் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போன பிறகு மிஞ்சிக் கிடக்கிற வேலைக்குத்தான். இழுபட்ட வாங்குகளை நேராக்க வேண்டும். தரையில் சொட்டி இறுகிய மெழுகைச் சுரண்ட வேண்டும். முகட்டில் குடியிருக்கிற வௌவால்களின் எச்சத்தைக் கழுவ வேண்டும். பூச்சாடித் தண்ணீர் நாற முன் மாற்ற வேண்டும். வாவிக்கரையில் அடிப்பது உப்புக் காற்று. பித்தளை மெழுகுதிரித் தண்டுகளை இரண்டு கிழமை தொடாமல் விட்டால் பச்சை பூத்துவிடும். பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்க வேண்டும். கடையில் பிராசோ விற்கிறது, ஆனால் எங்கள் சங்கிலித்தாம் அதற்குச் சம்மதிக்க மாட்டார்.

சங்கிலித்தாம் என்றால் கோவிலில் மணியடிப்பவர், கதவு திறப்பவர், பீடத்தை ஆயத்தம் செய்பவர், சுவாமியின் திருவுடைகளை நாளுக்கேற்ற நிறத்தில் எடுத்து வைப்பவர், பாம்பு வந்தால் விரட்டுபவர். தன் பெயரை எழுத வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். பங்கின் பெயரை நானாகவே விடுகிறேன். என் வீடு மட்டக்களப்பு நகரத்துப் புளியந்தீவில். அந்தச் சின்னத் தீவுக்குள் மரியாள் பேராலயம், மெதடிஸ்த தேவாலயம், அங்கிலிக்கன் தேவாலயம், சீயோன் தேவாலயம் எல்லாம் நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன. பாலத்தைத் தாண்டினால் வாவியின் இரு கரையிலும் இன்னும் பல. இவற்றில் எங்கே நான் விளக்குமாறு பிடித்தேன் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. பின்னால் ஒரு சம்பளப் பிரச்சினை வருகிறது; அதற்காகவும்தான்.

நான் கச்சேரியில் வேலை பார்த்தவன். கோட்டைக்குள் இருந்த பழைய கச்சேரி. போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, பத்து வருடத்தில் ஒல்லாந்தர் பறித்துக்கொண்ட கோட்டை அது. அதன் சுவர்கள் உள்ளே உத்தியோகம் பார்ப்பவனுக்கு நல்ல நிழல். அலுவலாக வருகிற சனத்துக்கு அப்படியல்ல. வாவிக்கு அப்பால் படுவான்கரையிலிருந்து விடியவெள்ளன பஸ் பிடித்து வந்து, கந்தோர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். கழற்றத் தேவையில்லை என்று நான் ஒருவருக்காவது சொன்னதாக ஞாபகம் இல்லை.

சுனாமி வந்தது 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை. நாவலடியும் கல்லடிக் கரையும் போய்விட்டன. உயிர் தப்பிய சனம் நகரத்துப் பள்ளிக்கூடங்களிலும் கோவில்களிலும் நிறைந்தது. அந்த நாட்களில் நான் நன்றாகவே வேலை செய்தேன். இரவு பகல் பார்க்கவில்லை. பட்டியல் எழுதினேன், அரிசிக் கணக்குப் பார்த்தேன், கையொப்பம் வைத்தேன். எல்லாம் மேசைக்குப் பின்னால் இருந்து. வீட்டையும் பிள்ளையையும் கடலில் விட்டுவிட்டு வந்த ஒருவரிடம் நான் கேட்க வேண்டியிருந்த முதல் கேள்வி, அடையாள அட்டை இருக்கிறதா என்பது. அந்தக் கேள்வி இல்லாமல் நிவாரணம் நடக்காது. அது தெரிந்தும், கேட்கும்போது என் குரல் எப்படி இருந்திருக்கும் என்று இப்போது சில இரவுகளில் யோசிக்கிறேன்.

ஓய்வு பெற்றதும், இனிமேல் கோவிலில் அடிமட்ட வேலை ஒன்று செய்ய வேண்டும் என்று தோன்றியது. தோன்றியதற்குப் பக்தி மட்டும் காரணமல்ல. இத்தனை காலம் மேலே இருந்தவன் கீழே இறங்குகிறான் என்ற எண்ணத்திலேயே ஒரு இனிப்பு இருந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் போய் விளக்குமாறை எடுத்தேன். சங்கிலித்தாம் ஓடி வந்து பிடுங்கிவிட்டார்.

“அத வைங்க சேர். மறுகா நாங்க கூட்டுறம்.”

அடுத்த முறை அவர் காணாத நேரம் பார்த்து எடுத்தேன். பாடகர் குழுப் பிள்ளைகள் வந்து கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். பிறகு ஒருநாள் எல்லோரும் விட்டுக்கொடுத்தார்கள். யாரோ போனில் படம் பிடித்து, பங்கின் முகநூல் பக்கத்தில் போட்டார்கள். தாழ்மைக்கு முன்மாதிரி என்று நாலு வரி புகழ்ச்சியும் சேர்த்து. எனக்கு இதெல்லாம் பிடிக்காது என்று சுவாமியிடம் சொன்னேன். அன்று இரவு எத்தனை பேர் விரும்பியிருக்கிறார்கள் என்று திறந்து பார்த்தேன். படுக்க முன் திரும்பவும் பார்த்தேன்.

நான் கூட்டத் தொடங்கியதிலிருந்து சங்கிலித்தாமின் ஞாயிறு கெட்டுப்போனது. நான் நிற்கிற நேரம் அவர் இருக்க மாட்டார். அவருடைய மனைவி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வருவா. ஒரு பையனைக் கடைக்கு ஓட்டி பிஸ்கட் வாங்குவார்கள். நான் விட்ட மூலையெல்லாம் நான் போன பிறகு இன்னொரு முறை கூட்டப்படுகிறது என்பதும் தெரியவந்தது. கடைசியில் மனுசன் மரியாதை குறையாமல் சொன்னார்.

“சேர் கூட்டினா எனக்கு ரெண்டு வேலை. கோவிலையும் பார்க்கணும், சேரையும் பார்க்கணும்.”

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது கணக்குப்படி சரி. என்னுடைய தாழ்மையின் செலவை அவர் கட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு 2019 வந்தது. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. புளியந்தீவில் சீயோன் தேவாலயத்து முற்றத்தில் குண்டு வெடித்தது. மறைக்கல்வி வகுப்பு முடித்து வெளியே நின்ற பிள்ளைகள். இறந்தது முப்பது பேரளவில். அதில் பாதிக்குக் கிட்டப் பிள்ளைகள். கொழும்பிலும் நீர்கொழும்பிலும் எங்கள் சபைக் கோவில்களில் நடந்ததையும் சேர்த்து உலகம் அந்த நாளைப் பேசியது. எங்கள் தெருக்களில் வேறு பேச்சில்லை, பேசவும் முடியவில்லை. யாருடைய வீட்டில் எந்தப் பிள்ளை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பூசைகள் சில கிழமை நின்று, பிறகு காவலோடு தொடங்கின. படலையில் பையைச் சோதிக்கப் பங்கிலிருந்தே ஆட்கள் வேண்டும் என்றார்கள். சங்கிலித்தாம் என்னைப் பார்த்தார். அவர் என்னிடம் கேட்ட முதல் வேலை அதுதான். பூசை முடியும்வரை வெளியே நிற்க வேண்டும். உள்ளே நடப்பது ஒலிபெருக்கியில் கேட்கும், பார்க்க முடியாது. நற்கருணை வாங்கக் கடைசியில் ஒரு ஆளை மாற்றிவிட்டு ஓடிப்போய் வர வேண்டும். வெயிலில் நின்று அயலவரின் பையைத் திறக்கச் சொல்லுகிற வேலையில் ஒரு அழகும் இல்லை. ஒருவரும் படம் பிடிக்கவில்லை. பாதிப்பேர் முகம் சுழித்தார்கள். என்னோடு ஒன்றாகப் படித்த ஒருவர், “எங்களையும் சோதிக்கிறியா?” என்று கேட்டுவிட்டு ஒரு மாதம் பேசாமல் இருந்தார்.

பைக்குள்ளே குண்டைத் தேடிய எனக்குக் கிடைத்தவை வேறு. அடகுச் சீட்டுகள். பாதி முடிந்த மாத்திரை அட்டைகள். பிள்ளைக்கென்று கடதாசியில் சுற்றி வைத்த அரைப் பணிஸ். திரும்பத் திரும்ப மடித்து, மடிப்பில் கிழிந்துபோன பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதிகள். காணாமல் போன மகனுக்காக 1990இல் கொடுத்தது, முப்பது வருடமாகப் பையிலேயே கிடக்கிறது. நல்ல சேலை உடுத்து முன் வாங்கில் இருக்கிற பெண்ணின் பையில் இருந்ததைப் பார்த்து நான் நிமிர்ந்து அவ முகத்தைப் பார்த்துவிட்டேன். அன்று பூசைக்குப் பிறகு சங்கிலித்தாம் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“பைக்குள்ள பாருங்க, முகத்தப் பார்க்காதீங்க. பார்த்தா அவக அடுத்த கிழம வர மாட்டாக.”

இப்படி ஒரு விதியைக் கச்சேரியில் எந்தச் சுற்றறிக்கையிலும் நான் படித்ததில்லை. அவர் எங்கே படித்தார்? ஒவ்வொரு ஞாயிறும் காணிக்கைத் தட்டு போகும்போது வெறும் கையை மூடிப் போடுகிறவர்களைப் பக்கவாட்டில் நின்று பார்த்து, பார்க்காதது போல் நிற்கப் பழகிய ஆள் அவர்.

மில்லர் சுவாமியைப் பற்றி இந்த இடத்தில் சொல்ல வேண்டும். அமெரிக்க யேசு சபைத் துறவி பெஞ்சமின் மில்லர் 1948இல் மட்டக்களப்புக்கு வந்து, மிக்கேல் கல்லூரியில் கற்பித்து, எழுபது வருடம் இங்கேயே இருந்து 2019 ஜனவரியில் இறந்தார். அவரோடு அதே வருடம் வந்த ஹேபர்ட் சுவாமி 1990 ஆகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்புகிற வழியில் காணாமல் போனார். கூட வந்த பையனும் இல்லை. யுத்த காலத்தில் மட்டக்களப்புச் சமாதானக் குழுவில் இருந்து, பிள்ளைகளைத் தேடியலைந்த தாய்மாரின் முறைப்பாடுகளை எழுதி வைத்தவர் மில்லர் சுவாமி. எளிமையானவர் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் கவனித்தது வேறொன்று. வெளிநாட்டுக்காரர், குருவானவர், ஆங்கிலத்தில் கடிதம் எழுதக்கூடியவர் என்ற தன் பலம் எதையும் அவர் ஒளித்து வைக்கவில்லை. அந்தப் பலத்தைத் தாய்மாரின் அலுவலுக்குக் கொடுத்தார். சுவாமி தன் எழுத்தை விட்டுவிட்டுக் கோவிலைக் கூட்டப் போயிருந்தால் கோவில் சுத்தமாயிருக்கும். அந்தப் பெயர்கள் எழுதப்பட்டிருக்காது.

என் விளக்குமாறு எனக்கு வேறு மாதிரித் தெரியத் தொடங்கியது இதை யோசித்தபோதுதான். கையில் இருந்த ஒரே கைத்தொழிலை, படிவம் நிரப்புவதை, நான் பழைய வாழ்க்கையின் அழுக்கு என்று வாசலில் விட்டுவிட்டு வந்திருந்தேன். பெருமை அதற்குள் இருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் கோவில் முற்றத்தில் நின்ற சனத்துக்கு என்னிடமிருந்து வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

2023 ஜூனில் அஸ்வெசும என்ற புதிய அரச நிவாரணக் கொடுப்பனவின் பட்டியல் வெளிவந்தபோது அந்தத் தேவை கேள்வியே இல்லாமல் வந்து முன்னால் நின்றது. அதுவரை சமுர்த்தி உதவி எடுத்துக்கொண்டிருந்த பல வீடுகளின் பெயர் புதிய பட்டியலில் இல்லை. மேன்முறையீடு செய்ய நாள் குறைவு. இணையத்தில் போடச் சொன்னார்கள். போன் இல்லாதவர்கள் எங்கே போடுவது? பூசை முடிந்ததும் சொப்பிங் பைகளில் கடதாசிகளோடு பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். இதில் சிலருடைய பைகளை நான் ஏற்கெனவே அறிவேன்.

சங்கிலித்தாமிடம் போய் மண்டபத்தில் ஒரு மேசையும் கதிரையும் போட்டுத் தாருங்கள் என்றேன். அவர் தலையைச் சொறிந்தார்.

“மேச வேணாம் சேர். மேச போட்டா சனம் எழும்பி நிக்கும்.”

வேப்பமரத்துக்குக் கீழே கிடந்த பழைய வாங்கைத் துடைத்துத் தந்தார். ஒரே வாங்கு. நானும் அதில்தான் இருக்க வேண்டும், வருகிறவரும் அதில்தான். முழங்காலில் ஒரு அட்டையை வைத்து எழுத வேண்டும். முதல் நாள் வந்த பெண் வாங்கின் நுனியில் பாதி இருந்தும் இருக்காமலும் இருந்தா. நான் ஏதோ கேட்க, பழக்கத்தில் எழும்பப் பார்த்தா. அவவின் பக்கத்தில் இருந்து அந்தக் கடதாசியைப் பார்த்தபோது, எழுத்து எந்தப் பக்கத்திலிருந்து வாசிக்கப்படுகிறது என்பதே மாறிவிட்டது. மேசைக்கு எதிரே இருப்பவருக்குப் படிவம் எப்போதும் தலைகீழ். இத்தனை வருடத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை.

அந்த வாங்கில் எல்லா விதமான கடதாசியும் வந்தது. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்தும் அடையாள அட்டையில் இன்னொரு எழுத்துமாக இருக்கிற பெயர்கள். சவூதியில் வேலை செய்கிற மகளின் ஒப்பந்தம். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்த காணப்படாமைச் சான்றிதழுக்கான விண்ணப்பம். இது கொஞ்சம் விளக்க வேண்டியது. காணாமல் போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுத்தால்தான் காணியும் வங்கிப் பணமும் அசையும் என்ற நிலை இருந்தது; மரணம் என்று எழுத எந்தத் தாயும் கை வைக்க மாட்டா. இறந்தார் என்று சொல்லாமல், இல்லை என்று மட்டும் சொல்கிற சான்றிதழ் இது. சில அலுவல்களுக்கு உதவும். இதை விண்ணப்பிக்கலாம் என்று ஒரு வயதுபோன அம்மாவிடம் நான் மிகத் தெளிவாக, கந்தோர்த் தமிழில், எடுத்துச் சொன்னேன். அவ கேட்டு முடித்துவிட்டு, வேண்டாம் என்றா. நான் மறுபடியும் நன்மைகளை எடுத்துச் சொன்னேன். மறுபடியும் வேண்டாம் என்றா. தூரத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்ற சங்கிலித்தாம் என்னைப் பார்த்த பார்வையில் நான் நிறுத்தினேன். அன்று அந்த அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தது முதியோர் கொடுப்பனவுக் கடிதம் ஒன்று மட்டும். அவ கேட்டு வந்ததும் அதுதான்.

உதவி செய்யப் போகிறவனுக்கு இதைவிடக் கடினமான இடம் இல்லை என்று நினைக்கிறேன். கூட்டுவது, கழுவுவது, சுமப்பது எல்லாம் உடம்பு நோகிற வேலைகள், அவ்வளவுதான். எது நல்லது என்று எனக்குத் தெரிகிறது, எதிரே இருப்பவர் வேறொன்று கேட்கிறார், அவர் கேட்டதை மட்டும் செய்துகொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது என்னால் இன்னும் முழுதாக முடியவில்லை.

இதற்கிடையில் எனக்கே ஒரு வருத்தம் வந்தது. சீனி வருத்தக்காரர் காலைக் கவனிக்க வேண்டும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். என் பெருவிரலுக்குக் கீழே ஒரு புண் வந்து ஆழமாகப் போனது. வைத்தியசாலையில் வெட்டிச் சுத்தம் செய்து, ஒவ்வொரு நாளும் மருந்து கட்ட வேண்டும் என்று அனுப்பினார்கள். மனைவிக்குக் கண் சரியில்லை. பிள்ளைகள் கனடாவில். சங்கிலித்தாமின் மனைவி முன்பு ஒரு ஆஸ்பத்திரியில் சிற்றூழியராக இருந்தவ. கேள்விப்பட்டு, கேட்காமலே வந்துவிட்டா.

அந்தப் புண் மணத்தது. நான் காலைக் கதிரைக்குக் கீழே இழுத்துக்கொண்டேன். நாளைக்கு ஆஸ்பத்திரியிலேயே கட்டிக்கொள்கிறேன் என்றேன்.

“காலத் தாங்க சேர். வெக்கப்பட நேரமில்ல, அடுப்பில சோறு கிடக்கு.”

பெரிய வியாழன் மாலைப் பூசையில் பன்னிரண்டு பேரின் காலைச் சுவாமி கழுவுவார். பாப்பரசர் 12ஆம் பயஸ் 1955இல் பெரிய கிழமை வழிபாடுகளைத் திருத்தியபோது இந்தச் சடங்கு அன்றைய பூசைக்குள் வந்தது. பாப்பரசர் பிரான்சிஸ் தெரிவான 2013இலேயே உரோமையில் இளம் கைதிகளிடம் போய்க் கழுவினார். அதில் பெண்களும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். பெண்களையும் தெரிவு செய்யலாம் என்று 2016இல் விதியே மாறியது. எங்கள் பங்கில் பெண்கள் முதலில் வந்திருந்த வருடம் வெட்கப்பட்டு நின்றது ஆண்கள்தான். நானும் ஒரு முறை அந்த வரிசையில் இருந்திருக்கிறேன். வீட்டில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, பவுடர் போட்ட காலோடு போனேன். எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள். சுவாமி கழுவுவார், பீடச் சிறுவன் தண்ணீர் ஊற்றுவான், பிறகு சிந்திய தண்ணீரில் யாரும் வழுக்காமல் சங்கிலித்தாம் குனிந்து துடைப்பார். இந்த மூன்றாம் ஆள் சுவிசேஷத்தில் இல்லை.

ஆண்டவர் சீடர்களின் காலைக் கழுவிய நிகழ்ச்சி நாலு சுவிசேஷங்களில் யோவானில் மட்டும்தான் வருகிறது. இராயப்பர் மறுக்கிறார், என் காலை நீர் தொடுவதா என்று துடிக்கிறார். சின்ன வயதில் அதை நான் இராயப்பரின் தாழ்மை என்று படித்தேன். கதிரைக்குக் கீழே என் புண்காலை இழுத்துக்கொண்டபோது அது தாழ்மை இல்லை என்று தெரிந்தது. ஒருவருக்கும் கடன்படாமல் இருக்கிற ஆளாக, கொடுக்கிற பக்கத்திலேயே இருக்கிற ஆளாகக் கடைசிவரை இருந்துவிட வேண்டும் என்ற ஆசை அது. அதற்கு முந்திய அதிகாரத்தைப் பலர் சேர்த்து வாசிப்பதில்லை. பெத்தானியாவில் மரியாள் விலை உயர்ந்த தைலத்தை ஆண்டவரின் பாதத்தில் பூசித் தன் கூந்தலால் துடைக்கிறாள். பக்கத்தில் இருந்தவர் முணுமுணுத்தும் அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. வாங்கிக்கொண்டார். கழுவியது அதற்குப் பிறகுதான்.

புண் ஆறிய பிறகு ஒரு கடித உறையில் பணம் வைத்து அவவிடம் கொடுத்தேன். கோஸுக்கும் சேலைன் போத்தலுக்கும் என்ன முடிந்ததோ அதை எண்ணி எடுத்துக்கொண்டு, மிச்சத்தை உறையோடு தந்துவிட்டா. நன்றி சொல்ல அவர்களுடைய வீட்டுக்கு அதுவரை நான் போனதே இல்லை என்பது அன்றுதான் உறைத்தது. போனேன். கோவில் வளவின் பின்பக்கம், இரண்டு அறை. மழைக்கு ஒழுகுகிற இடத்தில் பழைய திருவிழாப் பதாகை ஒன்றைக் கட்டியிருந்தார்கள். பேச்சோடு பேச்சாக, சங்கிலித்தாமுக்கு வயது போகிறது, வேலையை விட்டால் இந்த வீடும் இல்லை, கையில் ஒன்றும் இல்லை என்பது தெரிந்தது. சேமலாப நிதி? இல்லை.

எனக்குச் சட்டம் தெரியும். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி தொழில் கொடுப்பவர் சம்பளத்தில் 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும் ஊழியர் சேமலாப நிதிக்குக் கட்ட வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்கிற தர்ம நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு என்பதும் தெரியும். எங்கள் பங்கில் சம்பளம் வாங்குகிறவர்களை ஒரு கை விரலில் எண்ணலாம். ஆகவே சட்டப்படி ஒரு பிழையும் இல்லை. கோவிலும் கெட்ட கோவில் இல்லை. இப்படி எத்தனையோ கோவில்கள். யூபிலி மலர்களைத் திறந்து பாருங்கள். பங்குத் தந்தையரின் பட்டியல் முதலிலிருந்து கடைசிவரை இருக்கும். மணி வாங்கித் தந்தவர், கூரை போட்டவர் எல்லோரும் படத்தோடு இருப்பார்கள். சங்கிலித்தாம்களின் பட்டியலை நான் எங்கும் கண்டதில்லை. மெதடிஸ்தர் பக்கத்திலும் இதே கதைதான் என்று அங்கே இருக்கிற என் நண்பர் சொல்வார். வில்லியம் ஓல்ட் 1814இல் வந்து, பள்ளிக்கூடங்களைத் தொடங்கி, அடுத்த ஏப்ரலிலேயே இறந்துபோனார். வருடம்கூட நிறையவில்லை. அவருக்குப் புளியந்தீவில் சிலை இருக்கிறது, இருக்கவும் வேண்டும். அவர் போன பிறகு அந்தப் பள்ளிக்கூடக் கதவுகளைக் காலையில் திறந்தவர் யார்?

பங்குச் சபைக் கூட்டத்தில் பேச்சை எடுத்தேன். சங்கிலித்தாமின் பெயரில் தேசிய சேமிப்பு வங்கியில் ஒரு கணக்குத் திறந்து, சட்டம் கேட்காவிட்டாலும் அந்த 12 வீதத்தைக் கோவில் போட வேண்டும். உதவிக்கு ஒரு பையனைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டும் என்றேன். ஆண்டவருக்குச் செய்கிற சேவைக்குக் கணக்குப் பார்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். அதைவிட அடுத்தவர் சொன்னதுதான் என்னை வாயடைக்க வைத்தது. “உதவிக்கு ஆளெதுக்கு? நம்மட சேர் மாதிரி ஆக்கள் சும்மா வந்து கூட்டித் தாறாங்கதானே.” அவர் புகழ்ந்துதான் சொன்னார். முகநூல் படம் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

ஓய்வூதியக்காரன் இலவசமாகக் கூட்டுகிறான். அதனால் கூலிக்குக் கூட்ட வேண்டிய பையனுக்கு வேலை இல்லை. அன்றிலிருந்து நான் விளக்குமாறைத் தொடுவதில்லை. சிலர் சேருக்கு உற்சாகம் குறைந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். படலைக்குப் போவேன், வேப்பமரத்து வாங்குக்குப் போவேன், அவ்வளவுதான். கோவில் கூட்டுகிற நேரத்தில் வீட்டுக்குப் போய்விடுவது எனக்கு லேசாக இல்லை. கை அரிக்கிறது. இப்போது சம்பளத்துக்கு வந்திருக்கிற பையன் மெழுகை ஒழுங்காகச் சுரண்டுவதில்லை. அதை நான் சொல்வதும் இல்லை. அவனுக்குச் சொல்லச் சங்கிலித்தாம் இருக்கிறார்.

கணக்குத் திறந்தாயிற்று. மாதாமாதம் பணம் போகிறது. கடந்துபோன வருடங்களுக்கு என்ன செய்வது என்பதைச் சபை இரண்டு முறை ஒத்தி வைத்துவிட்டது. நான் ஒவ்வொரு கூட்டத்திலும் எழும்புவதால் இப்போது என்னைக் கண்டால் சிலர் கடதாசியைப் புரட்டத் தொடங்கிவிடுகிறார்கள். எனக்கு இது பழக்கமில்லாதது. கூட்டங்களில் என்னை வரவேற்றுப் பேசித்தான் பழக்கம். அறிவித்தலில் என் பெயர் வருகிறதா என்று காது இன்றும் தேடுகிறது. போன கூட்டத்தில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், எனக்குக் கேட்கும்படியாகவே, “சேருக்குப் பென்சன் வருது, பொழுது போகல்ல” என்றார்.

பென்சன் வருவது உண்மைதான், அதனால்தான் கேட்கிறேன் என்றேன்.